சிவப்புப் பேனாவுக்கு எதிராக ஒரு ஜெபக் குறிப்பு

அகிதா,
நவம்பர் 18

கர்த்தருக்குள் அன்பான ஹேசுக் அக்காவுக்கு, உன் தங்கை ஹேரான் எழுதிக்கொள்வது. அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரர் கியூசாங்கும் உயிரோடு இருக்கிறோம். மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. போனில் பேசினால், நான் அழ ஆரம்பிப்பதற்குள் நீ “எல்லாம் நன்மைக்கே” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. கடற்பாசி, மிளகாய் விழுது, உலர்ந்த நெத்திலி எல்லாம் சரியாக இருந்தன. கூடவே நம் ஊர் ஜோன்ஜு சபையார் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு “தைரியமாயிரு” என்று எழுதிய அட்டையும் இருந்தது. உண்மையைச் சொல்லட்டுமா? அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்குத் தைரியம் இருக்கிறது. நாக்குதான் இல்லை. ஜப்பானிய மொழிக்கு மூன்று விதமான எழுத்து. இரண்டை விழுங்கிவிட்டேன், மூன்றாவது என்னை விழுங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் இது யாருக்கு வேண்டும்?

மார்ச் பத்தாம் தேதி மிஷன் கமிட்டி எனக்குத் தேர்வு வைத்திருப்பது உனக்குத் தெரியும். பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மிஷனெரியின் மனைவிக்கும் மொழி வர வேண்டும் என்பது சட்டம். நான் தவறினால் எங்கள் இரண்டு பேரையுமே திருப்பி அழைத்துக்கொள்வார்கள். எனக்கு முன்பே இங்கே வந்து அவர் எட்டு வருடம் பாடுபட்ட ஊழியம் என் வாயால் மூடிப்போகும். அவர் இதை என்னிடம் சொல்வதே இல்லை. “போகப் போக வரும்” என்பார். கடையில், ஆஸ்பத்திரியில், தபாலாபீஸில் எனக்காக அவரே பேசிவிடுகிறார். என் வாயை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார் அக்கா.

இந்த ஊர்க்காரர்களோ அதற்கு மேல். நான் “காலை வணக்கம்” என்று சொன்னால் போதும், எங்கள் சபைக்கு வருகிற ஐந்து அம்மாமார்களும் கையைத் தட்டி, “அடேயப்பா, எவ்வளவு அழகா பேசுறீங்க” என்பார்கள். மீன் கடைக்காரன் சொல்கிறான், தபால்காரன் சொல்கிறான். முதல் வருடம் மகிழ்ந்துபோனேன். பிறகுதான் புரிந்தது, நிஜமாகப் பேச வருகிறவர்களிடம் இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. கியூசாங்கிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. நடக்கத் தெரியாத குழந்தை விழுந்து எழுந்தால் கைதட்டுவோமே, அது மாதிரிதான் எனக்கு.

ஒரே ஒருத்தி மட்டும் என்னைப் பாராட்டியதில்லை. அடுத்த வீட்டு தொகாஷி அம்மாள். வயது அறுபதுக்குள் இருக்கும், புருஷன் போய்விட்டார், தனியாக இருக்கிறாள். தபால் வழியாகப் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களை வீட்டிலிருந்தே திருத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. நாள் முழுக்கக் கையில் சிவப்புப் பேனா. இங்கே குப்பையைக் கிழமை வாரியாகப் பிரித்து, வீட்டுப் பெயர் எழுதிய பையில் போட வேண்டும். போன வருடம் ஒரு நாள் என் பை எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. நம் கொரியக் கிம்ச்சி ஊறுகாயின் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சீட்டு. கியூசாங் வாசித்துச் சொன்னார்: “இது இன்றைய குப்பை அல்ல. தண்ணீரை வடித்துவிட்டுக் கட்டவும். இது இரண்டாம் முறை.”

எனக்கு மானம் போய்விட்டது. அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக மூன்று வரி மன்னிப்பு எழுதி அவள் தபால்பெட்டியில் போட்டேன். மறுநாள் அதே சீட்டு என் பெட்டியில் கிடந்தது, பதினேழு இடத்தில் சிவப்புத் திருத்தத்தோடு. என் மன்னிப்பைத் திருத்தியிருக்கிறாள் அக்கா! ஏற்றுக்கொண்டேன், கொள்ளவில்லை என்று ஒரு சொல் கிடையாது. விடுவேனா? நானும் எழுதினேன். அவளும் திருத்தினாள். ஒரு வருடமாக இதே சண்டை. கீரைக் கட்டாக நான் சொல்லைக் கொட்டினால், அவள் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிகிறாள். பிள்ளைகளின் தாளில் எல்லாம் பெரிதாக ஒரு சிவப்புப் பூ வரைந்து அனுப்புகிறாளே, எனக்கு மட்டும் ஏன் ஒரு பூ இல்லை என்று ஒரு முறை எழுதிக் கேட்டேன். “அது குழந்தைகளுக்கு. உங்களுக்கு வயது என்ன?” என்று வந்தது. அதைக் கியூசாங்கிடம் காட்டாமல் நானே வாசித்து, நானே கொதித்து, நானே கிழித்துப் போட்டேன்.

நேற்றைக்குப் போட்ட சீட்டில் இருபத்து நான்கு திருத்தம். இனி முடியாது. ஜெபக் குறிப்பு அனுப்பு, அனுப்பு என்று கேட்கிறாயே, எழுதிக்கொள். தேர்வுக்காக ஜெபியுங்கள். அதற்கு முன்னால், அந்தப் பொம்பளையின் சிவப்புப் பேனாவில் மை வற்றிப்போக வேண்டும் என்று ஜெபியுங்கள். விடியற்கால ஜெபத்தில் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
குளிரில் நொந்துபோன உன் தங்கை
ஹேரான்


அகிதா,
பிப்ரவரி 20

ஹேசுக் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீங்கள் பதினொரு பேரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகவும், “அகிதாவில் எரிகோ மதில் விழுந்தது” என்று நீ ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னதாகவும், சபையே எழுந்து நின்று கைதட்டியதாகவும் கேள்விப்பட்டேன். விழுந்தது என்ன என்று நான் சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.

நீங்கள் வந்ததே என்னைத் தேற்றத்தான் என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கப் பாடினீர்கள், சமைத்தீர்கள், எங்கள் கூரைப் பனியைத் தள்ளினீர்கள். நம் சபை யோம் அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தபோது ஊரிலேயே இருக்கிற மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

சனிக்கிழமை காலை கியூசாங் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, வேதத்தில் எரிகோ மதிலை ஏழு தரம் சுற்றி விழச் செய்தது போல, தொகாஷி அம்மாளின் வீட்டைச் சுற்றி ஏழு தரம் நடந்து ஜெபிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? உனக்குத்தான். மூன்று மாதமாக அந்த அம்மாவின் பேனாவைக் கட்டி ஜெபித்தோம், இப்போது இடத்துக்கே வந்துவிட்டோம், விடலாமா என்றாய். அவள் குளிருக்குப் பாயால் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்த செடிகளை மிதித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டு ஜெபித்துக்கொண்டு சுற்றினீர்கள். உள்ளே இருந்து ஓதுகிற சத்தம் வந்ததும் யோம் அம்மா, “பாத்தீங்களா, உள்ள பிசாசு எப்படி முனகுது, விடாதீங்க” என்றாள். நீங்களும் விடவில்லை. ஏழாவது சுற்றில் கையைத் தட்டி ஆர்ப்பரித்தீர்கள்.

உள்ளே பிசாசு இல்லை. அன்றைக்கு அவள் புருஷனுடைய நினைவு நாள். ஓதியது புத்த கோயில் குரு. கறுப்பு உடுப்பில் இருபது உறவுக்காரர்கள் புருஷனின் படத்துக்கு முன் மண்டியிட்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள். அவர் செத்தபோதுகூட அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. வெள்ளிக்கிழமை அவள் எங்கள் பெட்டியில் ஏதோ ஒரு சீட்டுப் போட்டிருந்தாள், உண்மைதான். என் நிலைமை உனக்குத் தெரியாதா? எனக்கு எங்கே அதெல்லாம் முழுசாகப் புரிகிறது? புரிந்திருந்தால் உங்களைத் தடுத்திருக்க மாட்டேனா?

கடைசியில் அவள் கதவைத் திறந்து வந்து நின்றாளே, அப்போது என்ன சொன்னாள் என்று நீ என்னிடம் கேட்டாய். நான் “ஒன்றுமில்லை” என்றேன். சொன்னது இதுதான்: “முடிஞ்சுதுங்களா? முடிஞ்சா போங்க. உள்ள சாப்பாடு ஆறுது.” கத்தவில்லை. மீன் கடையில் விலை கேட்கிற குரல். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் கியூசாங் இந்த ஊர் வழக்கப்படி இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கி, அவள் வாசலில் தலை தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், அவளும் குனிந்தாள், கதவு மூடியது. திங்கட்கிழமை அந்தப் பெட்டி காகிதம்கூடப் பிரிக்காமல் எங்கள் கதவுப் பிடியில் தொங்கியது. என் வீட்டுக்காரர் என்னோடு பத்து நாளாக மொழி தெரியாத ஊரில் வழி கேட்கிற மாதிரிதான் பேசுகிறார். “உப்பு எங்கே”, “சாவி எங்கே.” சபைக்கு வந்த ஐந்து பேரில் இப்போது வருவது இரண்டு பேர்.

அப்புறம் உனக்கு ஒரு நற்செய்தி அக்கா, சாட்சியில் சேர்த்துக்கொள். உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது. பேனாவில் மை வற்றிவிட்டது. எனக்கு ஒரு சீட்டும் வருவதில்லை. மூன்று தரம் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. போன செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே சாதாரணக் குப்பையோடு கண்ணாடிப் பாட்டிலைப் போட்டு வைத்தேன், திட்டியாவது எழுதுவாள் என்று. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பையை அவிழ்த்தாள், பாட்டிலை எடுத்தாள், பனியிலேயே தேய்த்துத் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்.

இந்த இரண்டு வருடத்தில் நான் எழுதியதை முழுதாக வாசித்தது அவள் ஒருத்திதான். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை. உங்கள் நாற்பது கையெழுத்தும் சேர்ந்து எனக்கு ஒரு சொல் கற்றுத்தரவில்லை. அவளுடைய வெறுப்பு ஆயிரம் சொல் கற்றுத்தந்தது. அதை நீங்கள் ஏழு சுற்றில் அழித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். இனி எனக்கு ஜெபக் குறிப்பு கேட்டு எழுதாதே.

ஹேரான்


அகிதா,
மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டாவதில் நீ அழுதிருக்கிறாய், மை கரைந்திருந்தது. பதில் எழுதாமல் இருந்ததற்கு நான் வருந்துகிறேன். கோபம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வுச் செய்தி. செந்தாய் நகரத்திலிருந்து ஒரு ஜப்பானியப் போதகர் வந்திருந்தார். நான் சாட்சியை மனப்பாடமாக ஒப்பித்தேன். கேள்வி நேரத்தில் திக்கினேன். அவர் புன்னகைத்து, “ரொம்ப அழகா பேசுறீங்க” என்றார். சரி, தவறிவிட்டோம் என்று அப்போதே முடிவு கட்டிக்கொண்டேன். கமிட்டி இரக்கப்பட்டு இன்னும் ஒரு வருடம் தவணை கொடுத்திருக்கிறது. அடுத்த மார்ச்சில் மறுபடியும் தேர்வு. அதுதான் கடைசி.

தேர்வுக்குப் பிறகு நான் தொகாஷி அம்மாளுக்கு ஒரு நீண்ட மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கியூசாங் எழுதித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். ஒன்பது நாள் எழுதினேன். நான்கு பக்கம். என்ன எழுதினேன் என்றால், என் அக்காவும் ஊராரும் அறியாமல் செய்துவிட்டார்கள், அவர்கள் மனது கெட்டதல்ல, நீங்கள் போட்ட சீட்டை என் மொழி போதாமையால் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை, அதனால் அவர்களைத் தடுக்க முடியாமல் போயிற்று, தயவுசெய்து மன்னியுங்கள். சுத்தமாகப் படி எடுத்து, அவள் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் பெட்டியில் நான்கு பக்கமும் திரும்பி வந்திருந்தன. அக்கா, பக்கம் முழுக்கச் சிவப்பு. வாசலிலேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கக்கூட இல்லை, அந்த நிறத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது. கியூசாங் பதறி ஓடி வந்து, “என்னம்மா, திட்டியிருக்காங்களா?” என்றார். ஆமாம், திட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தேன். அவருக்கு என் மேல் கொஞ்சம் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் இரண்டு பக்கத்தில் வழக்கமான திருத்தங்கள்தான். மூன்றாம் பக்கத்தில், சீட்டு எனக்குப் புரியவில்லை என்று நான் எழுதியிருந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள். ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: “பொய். இந்த நான்கு பக்கத்தை எழுதத் தெரிந்தவருக்கு அந்த நான்கு வரியை வாசிக்கத் தெரியும். உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டில் இருந்த எல்லாச் சொல்லும் நான் உங்களுக்குத் திருத்திக் கொடுத்தவை. அதற்காகவே அந்தச் சொற்களாகப் பார்த்து எழுதினேன்.”

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: “நீங்களும் நடந்தீர்கள். ஜன்னலிலிருந்து எண்ணினேன். ஏழு. அது இந்தக் கடிதத்தில் எங்கே?”

உனக்கு இது தெரியும் அக்கா. ஆனால் போன கடிதத்தில் நான் உன்னிடமே “நீங்கள் சுற்றினீர்கள், நீங்கள் ஆர்ப்பரித்தீர்கள்” என்று எழுதினேன், நான் அந்த இடத்திலேயே இல்லாதவள் போல. நீ அதற்கு ஒரு வார்த்தை மறுத்து எழுதவில்லை. நீ என் அக்கா என்பதால் பொறுத்துக்கொண்டாய்.

உண்மை இதுதான். அந்தச் சீட்டை வெள்ளிக்கிழமை மதியமே வாசித்துவிட்டேன். அகராதி இல்லாமல், கியூசாங் இல்லாமல், நின்றுகொண்டே, ஒரே மூச்சில். “நாளை பத்து மணிக்கு என் கணவரின் நினைவு நாள். உறவினர்கள் வருவார்கள். உங்கள் வாசலில் வண்டிகள் நிற்கும். தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளவும்.” அகராதியைத் தொடாமல் நான் முழுதாக வாசித்த முதல் ஜப்பானியச் செய்தி அதுதான். சந்தோஷத்தில் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், ராத்திரி கியூசாங்கிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று. வீடு நிறைய நீங்கள் இருந்தீர்கள், மறந்துபோனேன்.

சனிக்கிழமை நீ என் கையைப் பிடித்து, “நடடி, உனக்காகத்தானே இவ்வளவு பேரும் வந்திருக்கோம், நீ நடக்கலைன்னா யார் நடப்பா?” என்றாய். சீட்டு என் பையில்தான் இருந்தது. ஓதுகிற சத்தம் என்ன சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வேண்டியது ஒரே வரி, அதுவும் என் தாய்மொழியில். நான் சொல்லவில்லை. நாற்பது கையெழுத்துக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இருபத்து நான்கு திருத்தத்துக்கான கோபமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன். நடந்தேன். நான்காவது சுற்றில் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகும் மூன்று சுற்று நடந்தேன். கடைசியில் கையும் தட்டினேன்.

மொழி வரவில்லை, வரவில்லை என்று இரண்டு வருடமாக உங்களிடம் அழுதேன். வந்த அன்றைக்கு அதை நான் பயன்படுத்திய விதம் இது. எனக்கு மொழி வந்துவிட்டது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான், அதையும் என் பொய்யைப் பிடிக்கத்தான் சொன்னாள். இதைவிடப் பெரிய தைரியம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. இதைவிட வெட்கமும் நான் பட்டதில்லை.

நான்காம் பக்கத்தின் அடியில், பிள்ளைகளின் தாளில் போடுவது போலவே ஒரு கட்டம் போட்டு, “மறுபடி எழுதவும்” என்று இருந்தது. மன்னித்தேன் என்று இல்லை. அவள் மன்னிக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். தெருவில் எதிரே வந்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறாள். ஆனால் மறுபடி எழுதினேன். அதுவும் சிவப்பாகத் திரும்பி வந்தது. இப்போது மூன்றாவது தரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன தரம் சட்டைப் பையில் சீட்டு இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். “இன்னும் ஏதோ குறைகிறது” என்று எழுதியிருக்கிறாள். இந்தத் தரம் அதையும் எழுதுகிறேன்.

சபையில் இந்தக் கடிதத்தை வாசி அக்கா. போன இரண்டையும் வாசித்தாயே, இதையும் முழுதாக, நான் கை தட்டிய வரியையும் விடாமல் வாசி. மதில் ஒன்றும் விழவில்லை, ஒரு வீட்டில் சாப்பாடுதான் ஆறிப்போயிற்று என்று எழுந்து நின்று சொல். பேனாவுக்கு எதிரான ஜெபத்தை நிறுத்தச் சொல்.

பிறகு ஒரு மன்றாட்டு. அந்த அம்மாவுக்கு நீ உன் கையால் ஒரு வரி எழுது. கியூசாங்கிடம் கேட்காதே, போனில் தேடிப் பார்த்து எழுதாதே. மன்னிப்புக் கேட்கத் தேவையான ஐந்து எழுத்தையும் தனித் தாளில் பெரிதாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன், எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும் என்று எண் போட்டிருக்கிறேன். கோணலாக வரும், வரட்டும். அது உனக்குச் சிவப்பாகத் திரும்பி வரும். பயந்துவிடாதே. வந்தால் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, மறுபடி எழுது.

உனக்கும் எனக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குப் போட்டுத் திருத்திக்கொண்டிருக்கிற அந்த அம்மாவுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். அவள் பேனாவில் மை குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கை,
ஹேரான்